அந்த வருஷத்துக்கு முன்னால்

பெட்டியின் பின்பக்கத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ. மூன்று கழன்றுவிட்டன. நாலாவது துருப்பிடித்து, பிடி கொடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருகினான். தலைக்கு இரண்டடி மேலே, கண்ணாடிக்குள், அவன் அம்மா படுத்திருந்தாள்.

“விடுங்க சார், வேற பெட்டி வரச் சொல்றேன்,” என்றார் குளிர்பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவர். நேற்று மாலையிலிருந்து இதோடு நாலு முறை சொல்லிவிட்டார். பெட்டி வந்து இறங்கியதிலிருந்தே உள்ளே மாவு மில் ஓடுவதுபோல ஒரு சத்தம்.

“வேற பெட்டி வேணாம். ஃபேன் எங்கயோ உரசுது, அவ்வளவுதான்.”

வாயில் டார்ச் இருந்ததால் அவன் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.

சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்து வீட்டு டீச்சர் அவன் மனைவியின் பக்கம் சாய்ந்து, சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்று உரக்கவே சொன்னாள். “பெத்தவ போய்க் கெடக்கா, இவர் ரிப்பேர் பாத்துட்டிருக்காரு.”

“அவருக்கு அழத் தெரியாது டீச்சர்,” என்றாள் மனைவி. “இதுதான் தெரியும்.”

அது உண்மைதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக முப்பது வருஷம். தகடு கழன்று வந்தது. ஃபேனின் இறக்கை ஒன்று வளைந்து கம்பிக்கூண்டை இடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் மெல்ல நிமிர்த்தினான். சத்தம் சட்டென்று நின்றது.

அதுவரை சத்தத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில், சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. மனைவி எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அம்மா கடைசியாகச் சொன்னது அதைத்தான். நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, துவைத்த துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். “கொழாய் சொட்டுது பாரு, மூடு” என்றிருக்கிறாள். மருமகள் மூடிவிட்டு வந்து பார்த்தபோது, துண்டு பாதி மடித்தபடி மடியில் இருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. எழுபத்தாறு வயது. அந்த நேரம் அவன் ஒரு மருந்துக்கடை ஃபிரிட்ஜுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தான். பையில் ஃபோன் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். பெரிய படுக்கை விரிப்பைத் தனியாளாக, ஓரம் தரையில் படாமல், மூச்சு விடும் நேரத்துக்குள் மடித்துவிடுவாள். வீட்டில் எதையும் மடிக்காமல் விட்டதில்லை. ரசீது, பழைய பேப்பர், மருந்துச் சீட்டு, எல்லாம் அவள் கை பட்டால் சதுரமாகிவிடும். அவனோடு சண்டை போடும்போதுகூட வாய் ஒரு பக்கம் திட்டும், கை ஒரு பக்கம் மடிக்கும்.

தகட்டை மாட்டிவிட்டு அவன் எழுந்திருப்பதற்குள் வாசலில் ஒரு சலசலப்பு. சங்கத்துச் செயலாளர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் லாரி டயர் அளவுக்கு ஒரு மலர்வளையத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கதவுக்குள் நுழைக்கப் பாடுபட்டார்கள். அம்மா இருந்திருந்தால், ‘இதுக்குள்ள ரெண்டு பேர் படுக்கலாம்’ என்றிருப்பாள்.

“யார் அனுப்பினது?” என்று கேட்டான்.

“தூதரகத்துலேருந்து தம்பி. இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க ஆளே நேர்ல வர்றாராம். அடக்கத்துக்கும் இருப்பாராம். அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க.”

வளையத்தின் குறுக்கே அகலமான வெள்ளை ரிப்பன். ‘நீதியின் சாட்சிக்கு’ என்று தங்க எழுத்தில், இரண்டு மொழிகளில். கீழே அந்த நாட்டின் பெயர். அறுபது வருஷத்துக்கு முன்னால் வரை இந்த நாட்டை ஆண்ட நாடு.

அவன் கருவிப்பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தான். ஒயர் வெட்டுவதுபோல ரிப்பனை இரண்டு முனையிலும் வெட்டினான்.

“என்ன தம்பி இது! ஃபோட்டோ எடுப்பாங்களே!”

“எடுக்கட்டும். பூ இருக்குல்ல.”

“அதுல என்ன தப்பா எழுதியிருக்கு?”

“தப்பா ஒண்ணும் எழுதல சார். அம்மா இதைப் படிச்சிருந்தா சிரிச்சிருப்பா.” ரிப்பனைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். “பூவை அந்தப் பக்கமா வைங்க. வழியில இடிக்காம.”

செயலாளர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற சர்வேயர். மரமில் தீயில் ஆள் போன குடும்பங்களையெல்லாம் பத்து வருஷம் வீடுவீடாக அலைந்து ஒன்று சேர்த்தவர் அவர்தான். அவர் அண்ணனும் அதில் போனார். பெட்டியைப் பார்த்துவிட்டு, வளையத்தை அவரே அந்தப் பக்கமாக நகர்த்தினார்.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கர்னலின் ஆட்கள் மரமில் குடியிருப்புக்கு வந்தார்கள். ஆண்களை மட்டும் பிரித்து, பலகை அடுக்கி வைக்கும் கிடங்கில் அடைத்தார்கள். தீ வைத்தார்கள். நாற்பத்தொரு பேர். ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்த அவன் அப்பாவும் அதில் ஒருவர். அவனுக்கு அப்போது பத்தொன்பது. டவுனில் தொழில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தான். அம்மா டவுனுக்கு வந்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கர்னல் ஜெனரலாகி, மந்திரியாகி, ஆட்சி மாறியதும் ஓடி, எங்கோ ஒரு விமான நிலையத்தில் பிடிபட்டான். சர்வதேச நீதிமன்றம் வழக்கு நடத்தியது. அந்த நீதிமன்றம் இருந்த ஊர், இந்த நாட்டை ஒரு காலத்தில் ஆண்டவர்களின் தலைநகரம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா அங்கே சாட்சி சொல்லப் போனாள். அவன் துணைக்குப் போனான்.

ஓட்டலிலிருந்து நீதிமன்றத்துக்கு டிராம். அம்மாவுக்கு டிராம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் ஒரு பெண் குரல் பெயர் சொல்லும். நீதிமன்றத்துக்கு இறங்குகிற நிறுத்தத்தின் பெயரைக் கேட்டதும் அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த பெயர். இங்கே கடைசிக்கு முந்தின கவர்னராக இருந்தவருடையது. அவர் பெயரில் அங்கே ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரம் வைத்து.

“என்னடா சொல்றா அவ?” என்று அம்மா கேட்டாள்.

“நாம எறங்குற எடம் வந்துடுச்சுங்கறா,” என்றான்.

நீதிமன்றத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் வரிசையில் அவன். எல்லோர் காதிலும் ஹெட்போன். வக்கீல் கேட்பதைத் தமிழிலும் அம்மா சொல்வதை அவர்கள் மொழியிலும் மாற்றிச் சொல்கிறவள் மேலே ஓர் இருட்டுக் கூண்டுக்குள் இருந்தாள். முகம் தெரியாது. கொஞ்சம் கரகரப்பான, அவசரப்படாத குரல் மட்டும். அம்மா முதல் மணி நேரத்திலேயே பேர் வைத்துவிட்டாள்: குரல்காரி.

“அந்த மரக்கிடங்கை உங்களுக்குத் தெரியுமா?” என்பதுதான் முதல் கேள்வி.

“நல்லாத் தெரியும். எனக்கு ஒன்பது வயசுல…”

“அம்மா, வக்கீல் கேக்குறது கர்னல் ஆளுங்க வந்த அன்னைக்கு நடந்ததை,” என்றது காதுக்குள் குரல்.

“அதைச் சொல்லத்தான் வர்றேன். அது ஏற்கெனவே ஒரு தடவை எரிஞ்ச கிடங்கு. எனக்கு ஒன்பது வயசுல…”

“அம்மா, மன்னிச்சுக்கோங்க. அந்த வருஷத்துக்கு முன்னால நடந்தது வேண்டாம்ங்கறாங்க.”

அவன் எண்ணினான். முதல் நாள் மட்டும் பதினோரு தடவை. கடைசியில் நடுவில் இருந்த வயதான நீதிபதி, கோபமே இல்லாமல், ஒரு தாத்தாவைப்போல முன்னால் சாய்ந்து விளக்கினார். இந்த நீதிமன்றத்துக்கு ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் அதிகாரம் உண்டு. அதற்கு முன்னால் நடந்ததை அது விசாரிக்க முடியாது.

“சரி. அப்ப அதை விசாரிக்கிற கோர்ட்டு எங்க இருக்கு?” என்று அம்மா கேட்டாள். “வழி சொல்லுங்க, போறேன்.”

 குரல்காரி அதை மொழிபெயர்த்தாள். நீதிபதி காகிதங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுக்குப் பதில் சொல்றது இந்த நீதிமன்றத்தோட வேலை இல்லைன்னு சொல்றார், அம்மா.”

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில், அம்மா படுக்கை விரிப்பை உருவி அவர்கள் மடித்தது சரியில்லை என்று திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“அப்பாவைப் பத்தி மட்டும் பேசும்மா. தாத்தா கதையை எடுத்தா இவங்க முகம் சுண்டிப் போயிடும். இவங்க ஊர் ஆளுங்க செஞ்சது அது. கேஸ் கெட்டுப்போனா அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். விரிப்பை மடித்து முடித்தாள். மறுநாள் மூன்று மணி நேரம் பேசினாள். அப்பா அன்று காலையில் என்ன சாப்பிட்டார், எந்தச் சட்டை போட்டிருந்தார், கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டார் என்பது வரை. ஒன்பது வயது என்ற பேச்சையே எடுக்கவில்லை. கர்னலுக்கு இருபத்திரண்டு வருஷம் கிடைத்தது. ஊரே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது. அம்மா சொன்னாள்: “இவன் பரீட்சையில பாத்து எழுதினவன் மாதிரி. பாத்து எழுதினவனைப் புடிச்சுட்டாங்க, சரி. பேப்பரைக் காட்டினவனை?”

சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பும்போது, விமானத்தில், அவன் கண்ணயரப் போன நேரத்தில் அம்மா கேட்டிருந்தாள்.

“உங்கப்பாவுக்குக் கோர்ட்டு கெடச்சுது. எங்கப்பாவுக்கு?”

அவன் தூங்குவதுபோல இருந்துவிட்டான்.

இப்போது கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அவன் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மணி இரண்டரை இருக்கும். நாலு மணிக்கு அடக்கம். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சங்கத்து ஆள் யாராவது இருக்கும் என்று அவன் திரும்பவில்லை.

“உள்ள கூட்டமா இருக்கு. நீங்க இங்க இருக்கீங்கன்னாங்க.”

அவன் கை அப்படியே நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கரகரப்பான, அவசரப்படாத குரல்.

திரும்பினான். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கையில் பயணப் பை, பஸ்ஸில் கசங்கிய சேலை. இவ்வளவு குள்ளமாக இருப்பாள் என்று அவன் நினைத்ததேயில்லை.

“குரல்காரி,” என்றான் தன்னையறியாமல். உடனே, “மன்னிச்சுக்கோங்க,” என்றான்.

“அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.” அவள் குழாயை மூடினாள். “உங்க வீட்டுல நேத்து ஃபோன் பண்ணாங்க. அம்மா நோட்டுல என் நம்பர் இருந்துதாம். ஆறு மணி நேரம் பஸ்.”

“அம்மாவோட பேசிட்டிருந்தீங்களா? எனக்குத் தெரியாதே.”

“வேலையில இருந்தவரைக்கும் சாட்சிகளோட பேசக் கூடாது. ஆறு மாசத்துக்கு முன்னால வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டேன். வந்ததும் கூப்பிட்டேன். அடுத்த மாசம் வர்றதாச் சொல்லியிருந்தேன். ‘வா, முழுசாச் சொல்றேன், ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது’ன்னாங்க.” பயணப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். “மழை முடியட்டும், ரோடு சரியாகட்டும்னு தள்ளிப் போட்டேன்.”

உள்ளே வந்து பெட்டியின் அருகில் நின்று வெகுநேரம் பார்த்தாள். மனைவி ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள். அவன் எதிரே முக்காலியில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா.

“கடைசி நாள் வராந்தாவுல என்னைத் தேடிப் பிடிச்சுட்டாங்க,” என்றாள் அவள் மெதுவாக. “என் குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. பேசக் கூடாதுன்னு சொல்லக்கூட விடல. ‘டிராம்ல தினம் ஒரு பேர் சொல்றாளே, அது அந்தக் கவர்னர் பேர்தானே?’ன்னு கேட்டாங்க.”

அவன் தலை நிமிர்ந்தான்.

“ஆமான்னேன். ‘நெனச்சேன்’னாங்க. ‘எம் பையன் எறங்குற எடம்னு சொல்லி மறைக்கிறான். எனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு. மறைச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தெரிஞ்சதா அவனுக்குக் காட்டிக்காத’ன்னாங்க. இவ்வளவு நாள் காட்டிக்கல.”

அவன் எழுந்தான். பெட்டியைச் சுற்றிப் போய்க் குனிந்து டிகிரியைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுக்க, மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் முகம் கழுவியதுபோல ஈரமாக இருந்தது.

“நீங்க நிறுத்தினதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல முடியாது,” என்றான். “நானுந்தான் நிறுத்தினேன். உங்களுக்காவது அது வேலை.”

“முப்பது வருஷத்துல எவ்வளவோ பேரை மொழிபெயர்த்திருக்கேன். இது ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குது. ‘எனக்கு ஒன்பது வயசுல.’ அந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை அவங்க மொழியில சொன்னேன். ரெக்கார்டுல அது மட்டுந்தான் இருக்கு. அதுக்கு மேல என்னன்னு எனக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றான் அவன். “சின்னப் புள்ளையிலேருந்து கேட்டது. பாதியில எழுந்து போயிடுவேன். ஆனாலும் தெரியும். அவ மாதிரி சொல்ல வராது.”

“உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லுங்க.”

அவன் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எங்க தாத்தாவுக்கு மில்லுல ரம்பத்துக்குச் சாணை புடிக்கிற வேலை. நாள் முழுக்க நெருப்புப் பொறிக்கு நடுவுல நிப்பாராம். அதனால அவருக்குப் பேரே பொறி. அன்னைக்கு மில்லுக்கு லீவு. அம்மாவுக்குத் தலை வாரி விட்டுட்டிருந்தாராம். பாட்டிக்குப் பொறுமை கெடையாது, அதனால தலை வார்றது எப்பவும் தாத்தாதான்.”

குரல்காரியின் உதடுகள் அசைவதை அவன் அப்போதுதான் கவனித்தான். சத்தமில்லாமல், முணுமுணுப்பாக, அவன் சொன்னதை அவள் அந்த நீதிமன்றத்தின் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் செய்வது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“ஒரு பக்கம் பின்னி முடிச்சுட்டாராம். அப்பதான் கவர்னரோட பட்டாளத்து லாரி வந்துது. யாரோ கலகக்காரங்களை ஒளிச்சு வச்சிருக்கோம்னு சொன்னாங்களாம். ஆம்பளைங்களை எல்லாம் கிடங்குக்கு வரச் சொன்னாங்க. சும்மா பேர் எழுதத்தான்னு. தாத்தா சீப்பை அம்மா கையில குடுத்துட்டு, ‘வந்து மத்த பக்கம் பின்றேன்’னுட்டுப் போனாரு.”

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். செயலாளர் வேகமாக எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூதரகத்து ஆள். முப்பதுகூட இருக்காது. வெயிலில் சிவந்த முகம். மற்றவர்களைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி,” என்றார் செயலாளர். “வந்துட்டார்.”

முக்காலியில் இருந்தபடியே அவன் கையை லேசாக உயர்த்தினான். கொஞ்சம் இருங்கள்.

அவளும் திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். இப்போது முணுமுணுப்பாக இல்லை. அறை முழுவதும் கேட்கும்படி, அவசரமில்லாமல். சீப்பு, மற்ற பக்கம், பின்னல் எல்லாம் அந்த மொழியில் ஒவ்வொன்றாக வந்தன. வாசலில் நின்ற இளைஞன் செயலாளரிடம் ஏதோ சொல்லப் போய், பாதியில் அவள் பக்கம் திரும்பினான்.

“பொண்ணுங்களையும் பிள்ளைங்களையும் புளிய மரத்தடியில உக்கார வச்சாங்க,” என்றான் அவன். “ஒரு ஆபீசர் வந்தான். சின்ன வயசு. நல்லவன் மாதிரிதான் இருந்தானாம். அம்மா கிட்ட வந்து குத்துக்காலிட்டு உக்காந்து, என்ன வயசுன்னு விரலைக் காட்டிக் கேட்டான். அம்மா ஒன்பது விரலைக் காட்டினா. அவன் பையிலேருந்து ஒரு சர்க்கரைக் கட்டி எடுத்துக் குடுத்தான். அப்புறம் அம்மாவோட ஒவ்வொரு விரலையும் தொட்டு, அவங்க பாஷையில எண்ணச் சொல்லிக் குடுத்தான். அம்மா அதை மறக்கவே இல்ல. எனக்கும் சொல்லிக் குடுத்தா.”

அவன் தன் இடது கையை விரித்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை, அந்த மொழியிலேயே எண்ணினான். உச்சரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது.

இதில் அவள் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.  வாசலில் நின்றவன் ஷூவைத் தரையில் வைத்தான்.

“அம்மா சர்க்கரையை வாயில போட்டுக்கிட்டா. இதைச் சொல்லும்போது மட்டும் அவ என் முகத்தைப் பார்க்க மாட்டா. அது கரையறதுக்குள்ள கிடங்குக் கதவை மூடினாங்க,” என்று சொல்லிவிட்டு, குரல்காரி மொழிபெயர்த்து முடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.